உப்பில்லாத முட்டைக்கு ஒரு ஆமென்

அந்த அக்காவின் அடுக்களையில் உப்புக்குக் கரண்டி கிடையாது. மிளகாய்த்தூளுக்கு உண்டு, மஞ்சள்தூளுக்கு உண்டு, சீனி டப்பாவுக்குள்கூட ஏதோ குழந்தை மருந்தோடு வந்த பிளாஸ்டிக் கரண்டி ஒன்று கிடக்கும். உப்புக்கு மட்டும் கை. அந்தக் கையும் லேசுப்பட்ட கையில்லை. ஐந்து விரலையும் குவித்து, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி, இரண்டடி தள்ளி நின்று வீசுவார். கோழிக்குத் தீனி போடுகிறவர்கள் அப்படித்தான் வீசுவார்கள். குறி தப்பி ஒரு கல் அடுப்பில் விழுந்து நான் பார்த்ததில்லை.

"கரண்டியில அளந்து போட்டா அது மருந்துல்லா? சாப்பாட்டுக்குக் கைதான்" என்பார்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமானதும் கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்தவர். டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில், ஏற்றத்தில் தகரக்கூரை வீடு. அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். அண்ணன் டிங்கிப் படகு வைத்து மீன் பிடிப்பார். விற்றது போக மிஞ்சியதை அக்கா கருவாடு போடுவார். பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகி மெயின்லேண்டுக்குப் போய்விட்டதால் பின்பக்க அறை காலியாக இருந்தது. அதில் நான் ஏழு வருஷம் குடியிருந்தேன். மத்தியானமும் ராத்திரியும் என் பாடு, காலைச் சாப்பாடு அக்கா வீட்டில். வேண்டாம் என்று சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. வயதுக்கு அத்தை என்று கூப்பிட வேண்டியவர். வந்த புதிதில் ஒருமுறை கூப்பிட்டேன். இரண்டு நாள் தோசைக்குச் சட்னி வரவில்லை. அதன் பிறகு அக்காதான்.

பக்கத்து வீட்டு வங்காளி பாபியின் கதையைச் சொன்னால் அக்கா யாரென்று விளங்கிவிடும். பாபியின் கணவருக்குப் பிறந்தநாள். பாலும் அரிசியும் வெல்லமும் போட்டுப் பாயசம் காய்ச்சிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். "தீதி, பாஞ்ச் மினிட் தேக்னா" என்று கரண்டியை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கு அக்கா நன்றாகவே பார்த்துக்கொண்டார். பாபி திரும்பி வந்தபோது பால் திரிந்து வடகம் வடகமாக மிதந்துகொண்டிருந்தது.

"தீதி, இஸ்மே நமக் டாலா?" அக்கா, இதில் உப்புப் போட்டீர்களா என்று கேட்டார்.

"நமக்கா? நான் என்னத்துக்குப் பாயசத்துல நமக் போடுதேன்? மாதா கசம், நஹி டாலா!"

பாபியின் கணவர் தங்கமான மனுஷர். பிறந்தநாளும் அதுவுமாக ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, புதுமாதிரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பாபி ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் கருவாடு வாங்க வந்துதானே ஆகவேண்டும்!

இதில் அக்கா பொய் சொன்னார் என்று நினைத்தால் பாவம். மாதாமேல் ஆணையாக அவர் போடவில்லை. அவருடைய கை போட்டது. கை போட்டது அவருக்குத் தெரியாது. அவர் சமைக்கும்போது யாராவது பக்கத்தில் நின்று "உப்புப் போட்டாச்சா?" என்று கேட்டால் திகைத்துப்போய்ப் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பார். நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, "ஆங், விழுந்துட்டு" என்பார். மழை பெய்துவிட்டது என்று சொல்கிற தோரணையில் சொல்வார்.

இந்தக் கையில்தான் ஒருகாலம் என் பிழைப்பு வந்து மாட்டிக்கொண்டது.

சாத்தம் ஜெட்டியிலிருந்து பம்பூ ஃப்ளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிப் போகும் ஃபெர்ரியில் நான் கயிறு கட்டுகிற ஆள். தினக்கூலி மஸ்தூர். பன்னிரண்டு வருஷம் அதே கயிறு, அதே கட்டை. ஒருவழியாகப் பெர்மனன்ட் லிஸ்டில் என் பெயர் வந்தது. என் அப்பா அம்மா இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கிளம்பிக் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வந்து இறங்கியவர்கள். எங்கள் குடும்பத்தில் பெர்மனன்ட் என்ற சொல்லை யாரும் தன் பெயரோடு சேர்த்துக் கேட்டதில்லை. லிஸ்ட் ஒட்டிய அன்று அந்தப் பலகைக்கு முன்னால் நின்று என் பெயரை நாலு தடவை வாசித்தேன். நாலு தடவையும் என் பெயர்தான் இருந்தது.

மெடிக்கலில்தான் விழுந்தேன். டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றி, அமுக்கி, முகத்தைச் சுளித்து, மறுபடி அமுக்கினார். பிரஷர் நூற்றெழுபதுக்கு நூற்றுப் பத்து.

"நாஷ்தே மே க்யா காதே ஹோ?" காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

பழைய சோறு, வறுத்த கருவாடு, கருவாட்டுத் துவையல், மாங்காய் ஊறுகாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆறு வாரம் தவணை. அதற்குள் இறங்காவிட்டால் லிஸ்டில் எனக்கு அடுத்த ஆளுக்குப் போய்விடும். வயது வரம்பும் எனக்கு அதோடு முடிகிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: தினமும் ஏற்றத்தில் நடக்கவேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் பக்கமே போகக்கூடாது. காலையில் காய்கறி போட்ட ஆம்லெட். அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, உப்பு கிடையாது.

தாளைக் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். முதல் இரண்டையும் கேட்டுத் தலையாட்டினார். மூன்றாவதில் நிமிர்ந்தார்.

"முட்டைக்கு உப்பில்லாமயா? என்னய்யா கொடுமை இது! அந்தப் பொம்பளைக்கு நீ என்ன செஞ்ச?"

"ஒன்னும் செய்யலக்கா. இறங்கலன்னா வேல போயிரும். பன்னெண்டு வருஷம்க்கா."

அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "எய்யா, ஆறு வாரந்தான? என் கையில விட்டுரு" என்றார்.

கையில் விட்டதுதான் தப்பாகிவிட்டது.

முதல் நாள் வந்த ஆம்லெட் பார்க்க லட்சணமாக இருந்தது. வெங்காயம், தக்காளி, பச்சைக் குடைமிளகாய், மேலே கொத்தமல்லி. ஒரு துண்டு வாயில் போட்டேன்.

"அக்கா, உப்பு."

"வேணும்னு கேக்காதல. டாக்டர் கூடாதுன்னுட்டா."

"வேணும்னு கேக்கலக்கா. இருக்கு."

"நான் போடலயே!"

அந்த வாரம் டிங்கியின் என்ஜின் ரிப்பேருக்குப் போயிருந்ததால் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். சாட்சிக்குக் கூப்பிட்டோம். ஒரு துண்டு தின்றுவிட்டு, "சரியாத்தான இருக்கு" என்றார். அண்ணனுக்குச் சரியாக இருக்கிறதென்றால் எனக்கு அது விஷம்.

இரண்டாம் நாள் உப்பு ஜாடியை அலமாரி உச்சியில் ஏற்றினோம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டையில் கல் உப்பு இருப்பதை நாங்கள் மூன்று பேருமே மறந்திருந்தோம். அக்காவின் கை மறக்கவில்லை. மூன்றாம் நாள் ஜாடி, சிரட்டை, பாக்கெட் எல்லாவற்றையும் பாபி வீட்டில் கொண்டுபோய் வைத்தார் அக்கா. அண்ணனுக்கும் அவருக்கும் கருவாட்டு உப்பே போதுமாம். பாபி வாங்கிக்கொண்ட வேகத்தைப் பார்க்கவேண்டுமே! இனி இந்தத் தெருவில் பாயசத்துக்குப் பயமில்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அன்று வந்த ஆம்லெட்டில் உப்போடு வாடையும் இருந்தது. ஜன்னல் மேடையில் முறத்தில் காய்ந்த நெத்திலி இருந்திருக்கிறது. ஜாடியைத் தேடிப்போய் ஏமாந்த கை, நெத்திலியை ஒரு பிடி பிடித்து நொறுக்கித் தூவியிருக்கிறது.

நாலாம் நாள் அக்கா வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு இடது கையால் சமைத்தார். முட்டையோடு பாதி ஓடும் சேர்ந்து வெந்தது. உப்பில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஓட்டைத் துப்பித் துப்பித் தின்றேன். ஐந்தாம் நாள் இடது கையும் முறத்துக்குப் போகப் பழகிக்கொண்டது.

"இதுக்கும் அதே ரெத்தந்தான ஓடுது" என்று இடது கையை அடித்துக்கொண்டு அழுதார் அக்கா. நிஜமாகவே அழுதார். ஒரு வாரம் வீணாகிவிட்டது. நானே சமைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது!

கண்டுபிடித்தவர் அண்ணன்தான். அடுக்களை வாசலில் வலையை விரித்துப் போட்டுப் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று ஊசியை நிறுத்தினார்.

"ஏட்டி, ஆமென்னு சொல்லு."

"என்னத்துக்கு?"

"சொல்லேன்."

"ஆமென்."

அடுப்பு எரியவில்லை, சட்டி இல்லை, உப்பு இல்லை. அக்காவின் வலது கை எழும்பி, ஐந்து விரலும் குவிந்து, மணிக்கட்டில் ஒரு வெட்டு வெட்டி வீசியது. மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

"இன்னொருக்கா சொல்லு."

"ஆமென்." வீச்சு.

அண்ணன் வலைமேலேயே சாய்ந்து சிரித்ததில் வலையில் சிக்கிக்கொண்டார். அவரைப் பிரித்தெடுக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது.

விஷயம் இதுதான். அக்கா ஒன்பது வயதில் கருவாடு போடப் பழகியவர். தொட்டியில் மீனை ஒரு அடுக்கு அடுக்கி, மாதாவை வாழ்த்துகிற அருள்நிறை மந்திரம் ஒன்று சொல்லி, ஆமென் என்றதும் ஒரு கை உப்பு. அடுத்த அடுக்கு, அடுத்த மந்திரம், ஆமென், உப்பு. அவர்கள் ஊரில் அப்படித்தான் போடுவார்களாம். மந்திரம் சொன்னால் அவசரப்பட்டு அள்ளிக் கொட்டமாட்டோம், எல்லா அடுக்குக்கும் ஒரே அளவாக விழும். அது அப்படியே அடுக்களைக்கும் வந்துவிட்டது. அக்காவுக்குக் கடிகாரமும் மந்திரம்தான். வெங்காயம் வதங்க ஒரு பரலோக மந்திரம், முட்டை ஒரு பக்கம் வேக இரண்டு அருள்நிறை மந்திரம். சோறு வடிக்க ஜெபமாலையில் பாதி போகும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஆமென், அந்த ஆமென்னுக்கு ஒரு கை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அக்காவுக்கு முன்வரிசையில் உட்கார்பவர்கள் ஏன் அடிக்கடி தலையைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் அண்ணனுக்கு விளங்கியதாம்.

"அப்ப மந்திரம் சொல்லாம, போன்ல டைம் வச்சுச் சமைங்கக்கா" என்றேன்.

"ஜெபமில்லாம அடுப்பு பத்தவைக்கச் சொல்லுதியா? வெளங்குமா?"

"சரி, மந்திரம் சொல்லுங்க. ஆமென்னை மட்டும் விட்டுருங்க."

"ஆமென் இல்லாத மந்திரம் மேல போய்ச் சேராது. ஸ்டாம்பு ஒட்டாத கடுதாசி மாதிரி பாதியில கெடக்கும். ஒனக்காகச் சொல்லுத மந்திரம், அதப் பாதியில விடவா?"

ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா பங்குச் சாமியாரிடமே போனார். சாமியார் ராஞ்சிக்காரர், தமிழ் வராது. அக்காவின் ஹிந்தி மீன் மார்க்கெட்டில் கற்றது. துணைக்கு நானும் போயிருந்தேன்.

"ஃபாதர், மேரா ஹாத் பாப் கர்தா ஹை" என்று ஆரம்பித்தார். என் கை பாவம் செய்கிறது என்று அறுபதை நெருங்கும் ஒரு பெண்பிள்ளை வந்து சொன்னால் சாமியார் என்ன செய்வார்? சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்துவிட்டு எங்களை ஓரமாக அழைத்துப் போனார்.

"க்யா பாப்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நமக் டால்தா ஹை, ஃபாதர்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு முட்டை, டாக்டரம்மா, என் வேலை, கருவாட்டுத் தொட்டி என்று ஒன்றுவிடாமல் அக்கா சொல்லி முடித்தபோது சாமியார் அங்கியின் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சுதாரித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். மந்திரத்தை நீங்கள் சொல்லுங்கள், ஆமென்னைப் பக்கத்தில் நிற்கிற வேறொருவர் சொல்லட்டும். கோயிலில் நான் ஜெபம் சொல்ல நீங்களெல்லாம் ஆமென் சொல்வதில்லையா? அதுபோலத்தான்.

அக்கா சாமியார் கையை முத்தமிட்டார். திரும்பி வரும்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. பக்கத்தில் யார் நிற்பது? என்ஜின் வந்துவிட்டதால் அண்ணன் திங்கட்கிழமையிலிருந்து விடியுமுன் கடலுக்குப் போய்விடுவார். பாபி அக்காவின் அடுக்களைக்குள் வரமாட்டார்.

"நீதான் நிக்கணும்" என்றார் அக்கா.

"அக்கா, நான் முருகனக் கும்பிடறவன்."

"அவரும் வந்து நின்னு கேட்டுட்டுப் போட்டும். நான் வேண்டாம்னா சொல்லுதேன்?"

அப்படித்தான் தினமும் காலை ஆறு மணிக்கு நெற்றி நிறைய திருநீறோடு அக்காவின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஆமென் சொல்கிறவன் ஆனேன். இரண்டாம் நாளே கச்சாலிலிருந்து அம்மா போன் பண்ணினார். யார் சொன்னார்களோ, நம் தீவுகளில் செய்தி கப்பலுக்கு முன்னால் போகும்.

"ஏன்டா தம்பி, மதம் மாறி வேதத்துல சேந்துட்டியாமே?"

"இல்லம்மா. முட்டைக்கு மட்டும்தான்."

உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார்.

அந்த ஆம்லெட்டை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். இரண்டு முட்டை, அதில் ஒரு மஞ்சள் கருவை எடுத்துவிடவேண்டும். எடுத்த கருவை என்ன செய்வது என்று அக்கா தவித்துப் பூனைக்கு வைப்பார், டாக்டரம்மா புண்ணியத்தில் பூனை கொழுத்தது. வெள்ளையை நுரை வர அடித்துக்கொள்ளவேண்டும். வெங்காயம் பொடிப்பொடியாக, தக்காளி விதை நீக்கி, கேரட் துருவியது. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால் குடைமிளகாய் உண்டு. வராத வாரம் முருங்கைக்கீரை, பூசணித் தளிர், ஒருமுறை பாபி கொடுத்த பெரணிக் கொழுந்து. சட்டியில் எண்ணெய் பேருக்கு நாலு சொட்டு. காய் வதங்க ஒரு பரலோக மந்திரம், நான் ஆமென் சொன்னதும் முட்டை. மேலே மிளகுத்தூள், பச்சைமிளகாய், கறிவேப்பிலை. மூடி போட்டு இரண்டு அருள்நிறை மந்திரம், இரண்டு ஆமென். திருப்பிப் போட்டு இன்னொன்று. இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழம். உப்புக்குப் பதிலாக நாக்குக்கு ஏதாவது வேலை கொடுக்கவேண்டும் என்று அந்தப் புளிப்பை அக்காவேதான் கண்டுபிடித்தார்.

ஆமென் சொல்வதில் என் கை ஓங்கியிருந்தது என்று நினைக்கவேண்டாம். தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் பாதி மந்திரத்திலேயே சொல்லிவிட்டேன். முட்டை கொழகொழவென்று வந்தது. இன்னொரு நாள் ஆமென் வரவேண்டிய இடத்தில் கொட்டாவி வந்துவிட்டது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் கெஞ்சினார். கொட்டாவியை முடித்து நான் ஆமென் சொல்வதற்குள் அடிப்பக்கம் கருகிவிட்டது. "ஒனக்கு விசுவாசம் பத்தாது" என்றார்.

ருசியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஈர அட்டைப்பெட்டியைத் தின்பதுபோல் இருந்தது. மூன்றாவது வாரம் ஒருநாள் மென்றுகொண்டிருக்கும்போது வெங்காயம் இனித்தது. நின்று மறுபடி மென்றேன். வெங்காயம் இனிக்கும் என்று நாற்பது வயதை எட்டப்போகிற எனக்கு அதுவரை தெரியாது. அக்காவிடம் சொன்னேன். என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

நான் யோக்கியனாக இருந்தேனா என்று கேட்டால், இல்லை. நாலாவது வாரம் பம்பூ ஃப்ளாட் ஜெட்டியில் சூடாகச் சமோசா போட்டுக்கொண்டிருந்தான். ஒன்று தின்றேன். ஒன்று என்றால் மூன்று. கூட வேலை பார்க்கிறவன் எவனோ அண்ணனிடம் வத்திவைத்துவிட்டான். மறுநாள் காலையில் அடுக்களைக்குப் போனால் அடுப்பு எரியவில்லை. அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை.

"அம்பது வருஷமா தன் போக்குல போயிட்டுருக்க கை இது. இத நான் அடக்கி வச்சிருக்கேன், எய்யா. ஒன் வாய நீ அடக்கமாட்டியா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெங்காயத்தை எடுத்து நறுக்க உட்கார்ந்தேன். அதன்பிறகு சமோசாக் கடைப் பக்கம் வந்தாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

ஆறு வாரம் முடிந்த அன்று மெடிக்கலுக்கு அக்காவும் வந்தார். வரவேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? கையில் ஜெபமாலையோடு என் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார். டாக்டரம்மா பட்டையைச் சுற்றி அமுக்கினார். எனக்கு நெஞ்சு ஃபெர்ரி என்ஜினைப்போல் அடித்தது. நூற்றைம்பத்தாறு.

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். என் பன்னிரண்டு வருஷமும் அந்த உதட்டில் தொங்கியது.

"மேடம், அது பயத்துல ஏறுது" என்று அக்கா குறுக்கே வந்தார். "டர்தா ஹை! இவன் ஊசியப் பாத்தாலே மயங்குவான். பத்து மினிட் குடுங்க. நமக் பில்குல் நஹி, சே ஹஃப்தா! ஆறு வாரமா ஒரு கல்லு உப்பு நான் போடல. கேளுங்க, இவன்தான் ஆமென் சொன்னான்."

டாக்டரம்மாவுக்கு என்ன புரிந்ததோ, வெளியே பெஞ்சில் போய் உட்காரச் சொன்னார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பாபியின் பாயசக் கதையைத் தானே எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். பாபி முகத்தை இழுத்துக்கொண்டு நின்றது, அவர் கணவர் விழுங்க முடியாமல் விழுங்கியது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். பெஞ்சில் இருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அந்தச் சிரிப்பு அடங்கி மூச்சு சீரானதும் உள்ளே கூப்பிட்டார்கள்.

நூற்றிருபத்தாறுக்கு எண்பத்திரண்டு. டாக்டரம்மா இரண்டாம் முறையும் பார்த்தார். அதே கணக்கு. ஃபிட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அக்கா அதற்கு முன்பே அழ ஆரம்பித்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகப் பாபி வீட்டுக்குப் போனார். உப்பு ஜாடியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மெயின்லேண்டிலிருந்து வந்த பேரப்பிள்ளையைத் தூக்கி வருகிறவர் மாதிரி வந்தார். அண்ணனும் கடலிலிருந்து திரும்பியிருந்தார். அவர் கொண்டுவந்த இறாலில் ஒரு கை அள்ளி உரித்தார் அக்கா. ஆறு முட்டை, மஞ்சள் கருவோடு.

"இன்னைக்காவது மனுசன் திங்க மாதிரித் தின்னு. நீ ஒண்ணும் சொல்லாண்டாம், அங்க போய் உக்காரு. இன்னைக்கு ஆமென் என்னுது."

மந்திரத்தை உரக்கச் சொன்னார். ஆமென்னை அதைவிட உரக்கச் சொன்னார். ஆறு வாரம் கட்டுண்டு கிடந்த கை எழும்பிச் சுழன்றதைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

தட்டு நிறைய வந்தது. ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். கடலில் விழுந்து ஒரு மடக்குக் குடித்தமாதிரி இருந்தது. வெங்காயத்தைக் காணோம், தக்காளியைக் காணோம், இறாலைக்கூடக் காணோம். வாய் முழுக்க உப்பு மட்டும் நின்றது. அக்கா எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்குக்கா."

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இன்னொரு துண்டு தின்றேன். இன்னொரு டம்ளர். மூன்றாவது டம்ளரை எடுத்தபோது அக்காவின் முகம் மாறியது. என் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துத் தின்று பார்த்தார். அண்ணனிடம் ஒரு துண்டை நீட்டினார்.

"உப்பு கூடிட்டா?"

"இல்லயே. கொஞ்சம் கம்மின்னுகூடச் சொல்லலாம்" என்றார் அண்ணன்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"ஒன் நாக்கு மாறிப்போச்சு" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்லமுடியாத முகம். "நானே மாத்திட்டனே, எய்யா. ஏழு வருசம் என் கையால தின்ன நாக்கு. இனி என் சமையல நீ எப்படித் திம்ப?"

அவர் சொன்னது நெஞ்சில் குத்தியது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. தட்டை என் பக்கம் இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டேன்.

"தண்ணி குடிச்சுக் குடிச்சுத் தின்னுருவேன்க்கா."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய்க் குடத்திலிருந்து மொண்டுவந்து, நாலாவது டம்ளரை நிரப்பி என் கைப்பக்கம் வைத்தார்.